பக்கத்து வீட்டு நீல மின்விசிறி

அரியாலையில் எங்கள் பக்கத்து வளவில் ஒரு அக்கா தனியாக இருக்கிறார். கணவர் கடல்நீரேரியில் மீன்பிடித்தவர். சில வருடங்களுக்கு முன் நோயில் இறந்துபோனார். போன வைகாசி வெய்யிலில் ஒரு நாள், அக்கா தன் மேசை மின்விசிறியை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“தம்பி, நீங்கள் பழைய சாமான் எல்லாம் திருத்துவியளாமே. இது ஓடுதில்லை. ஒருக்காப் பாருங்கோ.”

வாங்கியதும் அதன் கனமே எனக்கு ஆசையைக் கிளப்பிவிட்டது. வார்ப்பிரும்பு அடித்தட்டு, நூல் சுற்றிய வயர். உடம்பு முழுக்க நீலப் பெயின்ட். கூண்டின் விளிம்பில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. விசிறி இதழ் ஒன்றின் நுனியில் பெயின்ட் உரிந்து, உள்ளே பித்தளை மினுங்கியது.

பழுது பெரிதில்லை. பழைய எண்ணெய் இறுகித் தண்டைப் பிடித்திருந்தது. மண்ணெண்ணெயால் கழுவி, தையல் மெசின் எண்ணெய் விட்டு, வயரை மாற்றியதும் ஓடியது. அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

எனக்கோ அதன் வயது தெரிய வேண்டியிருந்தது. முன்பக்கத்துத் தகட்டைச் சுரண்டினேன். இங்கிலாந்தில் செய்தது என்று இருந்தது, வருடம் இல்லை. பழைய மின்விசிறி சேர்ப்பவர்கள் இணையத்தில் போட்ட படங்களோடு இதழின் வடிவத்தையும் கூண்டுக் கம்பியின் வளைவையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது என்று முடிவுக்கு வந்தபோது, என் கை நிற்கவில்லை. மிச்சப் பெயின்டையும் உரிக்கத் தொடங்கியிருந்தேன்.

அந்த நீலம் வள்ளத்துக்குப் பூசுவது என்று எனக்குத் தெரியும். கரையில் கட்டியிருக்கும் வள்ளங்களில் தினமும் பார்க்கிற நிறம்.

“ஆரோ மிச்சப் பெயின்டைப் பூசிப் பழுதாக்கியிருக்கினம்” என்றேன் மனைவியிடம்.

“அக்காவைக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோவன்.”

“கண்டால் சந்தோசப்படுவா.”

பித்தளையைத் துலக்கி, இரும்புக்குக் கறுப்புப் பூசிக் கொண்டுபோனேன். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். என் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

“எங்கடை ஃபான் எங்கை தம்பி?”

“இதுதான் அக்கா. நல்ல பழைய சாமான். உங்கடை அப்பாவின்ரை காலத்திலேயே வந்திருக்கும்.”

அவர் கூண்டின் விளிம்பில் விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். வெள்ளைக் கோடு இருந்த இடம்.

“அவர்தான் பூசினவர். வள்ளத்துக்குப் பூசின அண்டைக்கே இதுக்கும் பூசினவர். சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்துபோட்டுத் திரும்பி வரேக்கை வள்ளம் இல்லை. இது மட்டும் இடிஞ்ச சுவருக்குக் கீழை கிடந்தது.”

அவரே என்னைத் தேற்றினார். “பரவாயில்லை தம்பி. வடிவாத்தான் கிடக்கு.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நாளே கடைக்குப் போய் அதே நீலத்தில் ஒரு பேணி பெயின்ட் வாங்கி வந்து காட்டினேன். பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினார். “வேண்டாம். இனிப் பூசினாலும் அது உங்கடை கையெல்லே.”

அப்போது உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சுழலச் சுழல டிக் டிக் என்றது. ஏதாவது ஒன்றையாவது சரியாகச் செய்துவிடும் அவசரத்தில், “அந்தச் சத்தத்தை நிப்பாட்டிவிடுறன் அக்கா” என்றேன்.

“ஐயோ, அதைத் தொடாதேங்கோ!” முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. “கண்ணை மூடிக்கொண்டு படுத்தால் அந்தச் சத்தம்தான் எங்கடை ஃபான்.”

இப்போது மாதம் ஒருமுறை போய் எண்ணெய் விடுகிறேன். தண்டு சுழலும் பித்தளைக் குழல் தேய்ந்திருப்பதால்தான் அந்தச் சத்தம். அப்படியே விட்டால் தண்டையும் தின்றுவிடும், பிறகு மின்விசிறியே ஓடாது. குழலை மாற்றினால் சத்தம் நின்றுவிடும். இதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

போன முறை தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டுக் கேட்டார்: “இது இன்னும் கன காலம் ஓடுமோ தம்பி?”

“ஓம் அக்கா, ஓடும்” என்றேன். தேத்தண்ணி சூடாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் ஊதிக்கொண்டிருந்தேன்.