சாட்சியில்லாத் திதி

முதல் வரி சுலபமாக வந்துவிட்டால் நாகரெத்தினம் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, "நீ ஆருட ஆள்? ஐசியக் காட்டு பாப்பம்" என்று அந்த வரியை விசாரிப்பார். பாலத்தடி ராணுவச் சென்றியில் அடையாள அட்டைக்காகத் தினமும் தன்னிடம் கேட்கப்படுவதை அவர் கவிதையிடம் கேட்கிறார். முன்பு எவரோ எழுதியது சட்டை மாற்றிக்கொண்டு தன் தலைக்குள் வந்திருக்குமோ என்பது அவருடைய தீராத சந்தேகம். பத்தில் ஏழு வரிகள் இந்தச் சோதனையில் பிடிபட்டுப் போகும்.

பகலில் புளியந்தீவில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். மிச்ச நேரத்தில் கல்வெட்டுப் பாடுகிறவர். இறந்தவரைப் பாடி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சபையில் வாசிக்கும் சிறு நூலுக்கு இங்கே அதுதான் பெயர். அதில் முதலில் வருவது திதி வெண்பா. இறந்த வருடம், மாதம், திதி மூன்றும் அந்த நாலடிக்குள் இருக்கும். வீட்டார் ஆண்டாண்டுக்கும் திவசம் கொடுப்பது அதைப் பார்த்துத்தான். பாட்டில் பிழை விட்டால் ஒரு சீவன் பிழையான நாளில் வந்து பட்டினியோடு திரும்பிப் போகும் என்று நாகரெத்தினம் மெய்யாகவே பயப்படுகிறார்.

ஊரார் "புலவர்" என்று கூப்பிட்டால், எதற்கு அடி போடுகிறார்கள் என்று பார்ப்பார். கந்தோரில் ஒருவர், வாவிக்கரையில் போய் இருந்தால் பாட்டுத் தானாக ஊறும், மீனே பாடுகிற ஊரல்லவா என்று சொல்லிவிட்டார். போதும். "மீன் பாடினதெண்டு சொல்ற ஆக்களில எத்தின பேர் தண்ணிக்குள்ள தலைய விட்டுப் பாத்தவங்க? அது தவளையாயும் இரிக்கும்" என்றார். ஊற்று, அருள், ஆவேசம் என்று பேசுகிறவர்களிடம் அவர் கைப்பையைக்கூட வைத்துவிட்டுப் போகமாட்டார்.

அவருடைய பாட்டு கேள்வியிலிருந்து வருகிறது. "நல்ல மனிசன்" என்று வீட்டார் அழுதால் ஒரு சொல்லும் எழுதமாட்டார். செத்தவர்கள் எல்லோருமே நல்லவர்கள்தானே! என்ன கறி பிடிக்காது, யாரோடு கோபம், எப்படித் தும்முவார் என்று துருவிக்கொண்டே இருப்பார். ஒரு பெண் கடைசியில் எரிச்சல்பட்டு, "குளிச்சிட்டுத் தலை துவட்டாம வந்து பாயில சரிவார், தலகாணியெல்லாம் ஈரம்" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயை மூடிக்கொண்டு விம்மினாள். பென்சில் அப்போதுதான் அசைந்தது.

எப்படி இறந்தார் என்பது மட்டும் பாட்டில் வராது. எழுதினால் ஒரு பக்கம் கோபிக்கும், எழுதாவிட்டால் மறு பக்கம் ஏன் எழுதவில்லை என்று கேட்கும். அந்தச் சண்டை வருடங்களில் எல்லாப் பழியையும் எமன் தலையில் போட்டவர் நாகரெத்தினம். அப்படியும் ஒருநாள் சென்றியில் பாட்டுக் கொப்பியைப் பிரித்த சிப்பாய், அசை பிரிக்கச் சீர்களுக்கு மேலே அவர் போட்டிருந்த கோடுகளையும் புள்ளிகளையும் கண்டு, இது என்ன சங்கேதம் என்று ஒன்றரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தான். "கவி, கவி" என்று தொடையில் தாளம் தட்டிக் காட்டித்தான் தப்பினார்.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஆடிக் கடைசியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மாங்கேணியிலிருந்து பாக்கியராசா என்ற மீன்காரர் வந்தார். தம்பி தெய்வமணிக்குக் கல்வெட்டு வேண்டும், ஆண்டுத் திவசம் வருகிறது என்றார். தெய்வமணியைப் போன வருடம் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். யார் என்று பாக்கியராசா சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆனால் நாகரெத்தினத்துக்கு அந்தப் பெயர் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்தான் தெய்வமணியின் மனைவி அன்னப்பூரணி நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து, தன் கணவர் உயிரோடு இருக்கிறார், தேடித் தாருங்கள் என்று மனு எழுதுவித்துக்கொண்டு போனாள். உயிரோடு என்று எழுதிய கையால் இப்போது திதி எழுத வேண்டும்.

"செத்ததெண்டு ஆர் சொன்ன?"

"ஊரே சொல்லுது, புலவர்."

"ஊரா திவசம் குடுக்கப் போகுது? நாளச் சொல்லுங்க."

"ஆவணி."

"ஆவணியில முப்பத்தொரு நாள் கிடக்கு. தம்பிட தோணி இப்ப ஆரிட்ட?"

"எனக்கிட்டத்தான்."

"வலையும்?"

"ஓம். வலையும்."

நாகரெத்தினம் கொப்பியை மூடினார். "உனக்குத் தோணி வேணுமெண்டதுக்கு அந்தப் புள்ளைர நெத்திய நான் அழிக்கேலா. கண்ணால கண்ட ஆள் ஒண்டக் கொண்டா. மறுகாப் பாப்பம்."

பாக்கியராசா எழும்பவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ட ஆள் நான்தான்" என்றார்.

இறக்கிக்கொண்டு போன மூன்றாம் நாள், ரோட்டால் போன இவரையும் இன்னும் நாலு பேரையும் கூப்பிட்டு, கிடத்தியிருந்த ஒரு உடம்பைக் காட்டியிருக்கிறார்கள். "தெரியுமா எண்டாங்க. ஓம் எண்டா என்னையும் அவனோட சேத்திருவாங்க. தெரியாதெண்டு சொல்லிப்போட்டன், புலவர். எண்ட தம்பிய, தெரியாதெண்டு. தோணியில வாறதில பாதி அவண்ட பிள்ளையளுக்குத்தான் போகுது. ஆனா அன்னப்பூரணிர மூஞ்சியப் பாத்து என்னெண்டு சொல்ற? ஏன் தூக்கிட்டு வரல்ல எண்டு கேட்டா?"

நாகரெத்தினத்துக்குத் தோணியைப் பற்றிக் கேட்டது வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் பழகின சந்தேகம் விடவில்லை. "முகம் விளங்கினதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முகம் இல்ல. இடக்கால் பெருவிரல்ல நகம் இல்ல. சின்னதில நான் தோணி இழுக்கக்குள்ள அவண்ட காலில ஏத்திட்டன். உடம்பக் கண்ட அண்டைக்கு அம்மா சங்கடசதுர்த்தி விரதம். பின்னேரம் வந்து, நிலவு கண்டாப் போல அவக்கு நான்தான் சோறு போட்டுக் குடுத்தன். ஒண்டும் சொல்லல்ல."

நாகரெத்தினம் மூடிய கொப்பியைத் திரும்பப் பிரித்தார்.

"கல்வெட்டு சபையில நான் வாசிப்பன்" என்றார் நாகரெத்தினம். "அதுக்கு முன்ன நீங்க அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லோணும். அவ நாலு பேருக்கு நடுவில பாட்டில கேட்டு அறியக் கூடா. நாளைக்கு நானும் கூட வாறன்."

பாக்கியராசா தலையை ஆட்டினார்.

வீட்டார் சொல்கிற திதியை நாகரெத்தினம் அப்படியே எடுத்ததே கிடையாது. வழக்கம் போலப் போன வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து, ஆவணி மாதத்தை விரித்து மேசையில் வைத்தார். பாக்கியராசா வரிசை வரிசையாக விரலை இறக்கிக்கொண்டு வந்து ஓரிடத்தில் ஊன்றினார். வலை இழுத்துக் காய்த்த தடித்த விரல். நாளும் திதியும் அதன் கீழே மறைந்துபோயின. அவர் விரலை எடுக்கவில்லை.

நாகரெத்தினம் அதை விலக்கிப் பார்க்கவில்லை. அந்தத் தாயின் விரத நாளை நம்பிப் பென்சிலை எடுத்து எழுதினார்:

தேய்பிறையில் நாலாம் திதியென்று கொள்மனமே

எழுதி முடிக்கும்வரை, பக்கம் புரண்டுவிடாதபடி இடது கையால் பஞ்சாங்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.