மாடியில் ஒரு கட்டிலுக்கு இடம்

டீக்கடைக்குப் போவதற்கு முன்பே நிலவன் தன் வாக்கியத்தைத் தயார் செய்துகொள்வான். வாயைத் திறக்காமல், நாக்கை மட்டும் மேலண்ணத்தில் தட்டித் தட்டி, "ஒரு டீ, சக்கரை கம்மி" என்று தெருமுனையிலிருந்தே சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவான். கடை நெருங்க நெருங்க வாக்கியம் தேய ஆரம்பிக்கும். முதலில் "சக்கரை கம்மி" உதிரும். அப்புறம் "ஒரு" போய்விடும். ஆற்றிக்கொண்டிருக்கும் கையை நிறுத்தாமல், புருவத்தை மட்டும் உயர்த்தி, "உனக்கு?" என்று மாஸ்டர் கேட்கும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது. முன்னால் நிற்பவரைக் கண்ணால் காட்டி, "அதே" என்பான். இப்படியாக, டவுனில் உப்பளம் என்கிற பகுதிக்குக் குடிவந்த நாளிலிருந்து அவன் குடித்ததெல்லாம் அடுத்தவர் கேட்டதைத்தான். ஒரு நாள் பால் இல்லாத இஞ்சி டீ. ஒரு நாள் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரின் கசப்புக் காபி. ஒரு நாள் முன்னால் நின்றது அப்பா கையைப் பிடித்துக்கொண்டிருந்த குட்டிப் பெண். அன்றைக்குத் தம்ளர் நிறைய பூஸ்ட். அதையும் ஓரமாக நின்று ஊதி ஊதிக் குடித்து முடித்தான்.

நிலவன் சேதராப்பட்டுக்காரன். அப்பா இராமதாஸ் அங்கே தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். நிலவன் டவுனில் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம், இரண்டாம் ஆண்டு. ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற தூரம்தான். முதல் வருஷம் அப்படித்தான் வந்துபோனான். ஆனால் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் எதிரே வருகிற அத்தனை பேரும், "எங்கடா போற?" என்பார்கள். தோளில் பையோடு காலை வேளையில் போகிறவன் வேறு எங்கே போவான்? இருந்தும் கேட்பார்கள், பதிலும் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லியே அவனுக்குப் பாதித் தெம்பு போய்விடும்.

டவுனில் யாரும் கேட்பதில்லை. அதற்காகவே அவன் டவுனுக்குக் குடிவர ஆசைப்பட்டான். வந்த முதல் மாதம் இறக்கை முளைத்ததுபோல இருந்தது. நூலகத்தில் மூடுகிற வரைக்கும் நவீன கவிதைப் புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பான். பிரெஞ்சுக்காரர் காலத்து மஞ்சள் சுவர்களில் சாய்ந்து போட்டோ எடுக்கிறவர்களுக்கு நின்று நின்று வழிவிட்டபடி கடற்கரைக்கு நடப்பான். ஷேர் ஆட்டோபோல ஆள் ஏற்றிக்கொண்டு ஓடும் டெம்போவில் எதிரெதிராக உட்கார்ந்தால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும், ஆனாலும் இவர் இந்தப் பக்கத் தெருவைப் பார்ப்பார், அவர் அந்தப் பக்கத் தெருவைப் பார்ப்பார். அடடா, எவ்வளவு நாகரிகம் என்று நினைத்துக்கொண்டான். நாலைந்து மாதம் போன பிறகு, ஒரு சாயங்காலம், டெம்போவை விட்டு இறங்கும்போது திடீரென்று தோன்றியது: இப்போது யாராவது "எங்கடா போற?" என்று கேட்டால் நன்றாக இருக்குமே.

அந்த நேரம் பார்த்து அறைத்தோழன் விக்ரமுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. விக்ரம் போய்விட்டால் அறை தங்காது. வீட்டுக்காரம்மா லூர்துசெல்வி மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு, கையில் துடைப்பத்தோடு, தெளிவாகவே சொல்லிவிட்டாள்.

"இங்க பாரு தம்பி, தனி ஆளுக்கு மாடிய வுடறதில்ல நானு. ஒண்டியா கெடக்கற பையன் நேரத்துக்குத் துன்னவும் மாட்டான், லைட்டயும் அணைக்க மாட்டான். மாசம் முடியறதுக்குள்ள கூட ஒரு ஆளப் புடி. இல்லன்னா ரெண்டு நர்ஸ் பொண்ணுங்க கேட்டுக்கினே இருக்குதுங்க, குடுத்துடுவேன்."

"சரிக்கா."

"சரின்னா? ஆளு இருக்குதா?"

"பாக்கறேங்க்கா."

அப்பாவிடம் போனில் சொன்னால் அவர் இதற்காகவே காத்திருந்தவர்போலப் பேசினார். "ரூமு இல்லன்னா இன்னாடா, வூடு இல்லியா? பஸ்ஸு ஓடுது. திங்கக்கெழம ஷிப்ட் முடிச்சிட்டு வண்டி எடுத்துக்கினு வரேன், மூட்டயக் கட்டி வை."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதுதான் நிலவனுக்குப் பிரச்சினை. இந்த ஊரில் தானும் ஒரு ஆளாக ஆரம்பித்திருக்கிறோம், அது இன்னும் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். இப்போது திரும்பிப் போனால் வந்ததற்கே சாட்சி இருக்காது. தண்ணீரிலிருந்து விரலை எடுத்த மாதிரி மூடிக்கொண்டுவிடும்.

ஆக, யாரையாவது கேட்க வேண்டும். கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வகுப்புத் தோழனின் எதிரில் போய் உட்கார்ந்து, நாக்கால் மேலண்ணத்தைப் பல முறை தட்டி, கடைசியில், "இன்னிக்கி வெயில் ஜாஸ்தி" என்றான். "ஆமா மச்சி" என்றான் அவன். அதோடு முடிந்தது.

வாயால் ஆகாது என்று தெரிந்ததும் நிலவன் எழுதினான். தமிழ்த்துறையின் வாசலில் ஒரு சுவர்ப்பத்திரிகைப் பலகை உண்டு. அதைப் பார்த்துக்கொள்கிறவள் மெரின், அவன் வகுப்புதான், டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். இவன் நீட்டிய தாளை வாங்கி அவள் உரக்கவே படித்தாள்.

"சொல் தா வீட்டின் மாடியில்
ஒரு கட்டிலுக்கு இடம் இருக்கிறது.
கடல் தெரியாது. உப்பு வரும்.
வருகிறவர்
ஒரு சொல் கொண்டுவந்தால் போதும்.
வாடகை பாதி."

"நிலவா, இது கவிதையா, டூலெட்டா?"

"ரெண்டும்."

"அதென்ன சொல், தா? எதுக்குப் பிரிச்சு எழுதியிருக்க?"

நிலவன் தயங்கித் தயங்கி விளக்கினான். அவன் குடிவந்த அன்றைக்குத் தெருவில் வழி கேட்டபோது, "ஓ, சொல்தா வீடா?" என்று கையைக் காட்டினார்களாம். கேட்டவுடன் இவனுக்குப் புல்லரித்துவிட்டதாம். எந்தக் காலத்திலோ அங்கே ஒரு கவிஞர் இருந்திருக்க வேண்டும், வருகிறவர்களிடமெல்லாம் "ஒரு சொல் தா" என்று கேட்டிருக்க வேண்டும், அதுவே வீட்டுக்குப் பேராகிவிட்டது என்று இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தானாம்.

மெரின் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பலகையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, லூசு! அது சொல்தா. ஒரே வார்த்த. ஃபிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல இருந்தவங்கள இங்க அப்டித்தான் சொல்லுவாங்க. எங்க கொள்ளுத்தாத்தாகூட சொல்தாதான், சைகோன்ல துப்பாக்கி புடிச்சவரு. அவராண்ட போய் ஒரு சொல்லு கேட்டா ஒம்போது கெட்ட சொல்லு குடுப்பாராம்."

நிலவனுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. தாளைப் பிடுங்கப் போனான். மெரின் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

"கிழிச்ச, அவ்ளோதான். இருக்கட்டும் வுடு. தப்புன்னாலும் நல்லாத்தான் இருக்கு. எங்க சொல்தாவுக்கே தெரியாத அர்த்தம்."

ஒட்டினதோடு விடாமல் போட்டோவும் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டாள். சிவப்பு இதயங்கள் குவிந்தன. "செம மச்சி", "வேற லெவல்" என்று வந்தது. மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சொல்தா வராரு, எழுந்து சல்யூட் அடிங்கடா!" என்று கத்தினான். பத்திருபது பேர் எழுந்து விறைப்பாக நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நிலவனும் பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்தான். வகுப்பே அதிர்ந்தது. அந்தப் பெஞ்சில் இருந்தவர்களுக்கு அதுவரை அவன் பேர் தெரியாது என்பதும், இனிமேல் மறக்காது என்பதும் அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது.

ஆனால் அறை கேட்டு ஒருவரும் வரவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு வீடு இருந்தது, வெளியூர்க்காரர்களுக்கு விடுதி இருந்தது. இதயம் அனுப்புகிறவர்கள் பெட்டி படுக்கையோடு வர மாட்டார்கள் என்பதை நிலவன் அந்த வாரத்தில் கற்றுக்கொண்டான்.

விக்ரம் கிளம்பிப் போய்விட்ட ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மறுநாள் அப்பா வருவார். நிலவன் தரையில் உட்கார்ந்து புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். இவன் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், முதுகில் பெரிய பை, கக்கத்தில் சுருட்டிய பாய், முகமெல்லாம் வியர்வை.

"சொல்தா வீடு இதானே? கீழ கேட்டேன், மேலன்னாங்க."

"இதான், இதான்!" நிலவன் கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தான். "நோட்டீஸ் பாத்துட்டு வரீங்களா? உள்ள வாங்க, உள்ள வாங்க."

வந்தவன் வாயைத் திறந்தான். அதற்குள் நிலவன் அவன் கையிலிருந்த பாயை வாங்கிச் சுவரோரம் சாத்திவிட்டான். அப்புறம் நடந்தது எப்படி நடந்தது என்று அவனுக்கே தெரியாது. நாக்கு மேலண்ணத்தைத் தட்டவில்லை. ஒத்திகை இல்லை. மதகு திறந்ததுபோலப் பேச்சு வந்தது.

"கட்டில் இந்தப் பக்கம் போட்டுக்கங்க, அந்தச் செவுரு மழையில ஓதம் ஏறும். புக்கு இருந்தா ஜன்னலாண்ட வெக்காதீங்க, உப்புக் காத்துல பக்கம் ஒட்டிக்கும். கொழாய் தொறந்தா மொதல்ல காறித் துப்பற மாதிரி ஒரு சத்தம் வரும், பயந்துடாதீங்க, அப்புறம் நல்ல தண்ணி வரும். பக்கத்து ஸ்டேடியத்துல மேட்ச் இருந்தா ராத்திரி லைட்டே போட வேணாம், அந்த வெளிச்சத்துலயே படிக்கலாம். ரெண்டாவது படியில ஒரு பூன படுத்திருக்கும். அது நகராது, நாமதான் தாண்டிப் போவணும். லைப்ரரி போனீங்கன்னா தூணுக்குப் பின்னாடி ஒரு நாற்காலி, அங்க மட்டுந்தான் ஃபேன் காத்து வரும். அப்புறம் பீச்சு. சாயங்காலம் பீச் ரோட்டுல வண்டி எதையும் வுடாம நிறுத்திடுவாங்க இல்ல, நிறுத்தின ஒடனே போகணும். எல்லார் செருப்புச் சத்தமும் தனித்தனியா கேக்கும். கண்ண மூடிக்கினு யாரு அவசரமா போறாங்க, யாரு சும்மா போறாங்கன்னு சொல்லிடலாம்."

வந்தவனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து நிறுத்தினான். மறுபடி அடித்தது, மறுபடி நிறுத்தினான். பையை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, கட்டப்பட்ட புத்தக மூட்டையின் மேலேயே உட்கார்ந்தான்.

"நெசமாவே சொல்லிட முடியுமா?" என்று கேட்டான்.

"என்னது?"

"செருப்புச் சத்தத்த வெச்சு."

"நீங்க படி ஏறி வரும்போதே தெரிஞ்சிது. மூணு படிக்கு ஒரு தடவ நின்னீங்க. ரொம்பத் தூரம் நடந்து வந்திருக்கீங்க."

அவன் சிரித்தான். மரிய அருண் என்று பேர் சொன்னான். சொந்த ஊர் காரைக்கால். இங்கே ஒரு கல்லூரியில் லேப் டெக்னீஷியன் படிப்புக்குச் சேர்ந்திருக்கிறான். கொஞ்ச நேரம் போனில் எதையோ தட்டி அனுப்பிவிட்டு, "கட்டில் இந்தப் பக்கந்தானே சொன்னீங்க?" என்றான்.

கீழே கூட்டிக்கொண்டு போனபோது லூர்துசெல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த ஊரு தம்பி?"

"காரைக்கால்ங்க."

"எந்தப் பங்கு?"

அவன் தங்கள் பங்குச் சர்ச்சின் பேரைச் சொன்னான். அவள் முகம் பாதி இளகியது. "படியில செருப்போட ஏறக் கூடாது. அந்தப் பூனைக்குச் சோறு வெக்கக் கூடாது, நான் வெச்சிக்கறேன்," என்றாள். அவ்வளவுதான் நேர்காணல்.

நிலவன் அப்பாவுக்குப் போன் செய்தான். "நாளைக்கி வண்டி வேணாம்பா. ஆளு கெடச்சிட்டாரு."

"யாருடா? எந்தூரு பையன்? எப்டி தெரியும்?"

"நோட்டீஸ் ஒட்டனேன். பாத்துட்டு வந்தாரு."

 "நீயா ஒட்டன?" என்று கேட்டார் இராமதாஸ். குரலில் இருந்தது ஏமாற்றமா பெருமையா என்று நிலவனால் பிரிக்க முடியவில்லை. "சரி. ஞாயித்துக்கெழம அந்தப் பையனயும் இட்டுக்கினு வா. ஒங்கம்மா கருவாட்டுக் கொழம்பு வெப்பா."

அதற்கப்புறம் டவுன் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். டெம்போவில் முழங்கால்கள் இடித்துக்கொண்டுதான் இருந்தன, எல்லோரும் தெருவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கல்லூரியில் அவன் சொல்தா. மாணவர் பேரவைத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவன்கூட, "சொல்தா, ஒரு சொல் தா" என்று கைநீட்டினான். மெரின் அவனைக் கேட்காமலே சனிக்கிழமைகளில் கடற்கரையில் கவிதை வாசிக்கிற சின்னக் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். வீட்டில் அருண் இருந்தான். "சாப்ட்டியா", "எங்க போற" என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பான். நிலவன் பதில் சொல்வான். தெம்பு குறையவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவனுக்கு விளங்கவேயில்லை. தன் நண்பர்களிடம் அருண் இவனை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், "இவந்தான் நிலவன். பாத்து, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான்" என்பான். முதல் தடவை அதைக் கேட்டபோது, யாரைச் சொல்கிறான் என்று நிலவன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த வருஷம் திருவிழாச் சாப்பாட்டுக்கு அருண் அவனைத் தன் மாமா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். மாமா பிரகாசம் உப்பளத்திலேயே மரச்சாமான் கடை வைத்திருப்பவர், சத்தமான மனுஷர். அருண் உள்ளே தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில், அவர் நிலவனின் இலையில் இன்னொரு கரண்டி கறியை வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இவன நான் ஒங்க வூட்டுக்கு அனுப்பவே இல்ல, தெரியுமா? ஒங்களுக்கு அடுத்த தெருவுல ஒரு சொல்தா வூடு இருக்குது, பச்ச கேட்டு. பெரிய ரூமு, பாத்ரூம் உள்ளயே. எனக்குத் தெரிஞ்சவங்க. சாவிய வாங்கிக்கினு வாசல்லயே நிக்கறேன், இவன் வரல. போன் போட்டா கட் பண்றான். கடைசில ஒரு மெசேஜ் அனுப்பறான்: 'மாமா, தப்பான சொல்தா வீட்டுக்கு வந்துட்டேன். சாவியத் திருப்பிக் குடுத்துட்டு நீங்க வீட்டுக்குப் போங்க.'"