விசர் என்ற சொல்

“...பகிடிக்குச் சொல்லல்ல மச்சான், உண்மையா எனக்கு விசர் புடிக்கிற மாதிரிக் கெடக்கு.”

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, திருகோணமலை இறங்குதுறையில், லோஞ்ச் புறப்பட அரை மணித்தியாலம் இருக்கையில் என் நண்பர் இப்படிச் சொன்னார். கடல்வழியே மூதூருக்கு ஆளேற்றி ஓடும் அந்த மோட்டார் லோஞ்சில் அவர் எஞ்சின்காரர், நான் டிக்கட் கொடுப்பவன். அவர் தன் ஸ்பனரை வேறு எவரையும் தொடவிடாத மனிதர்.

எங்கள் பக்கத்தில் பைத்தியத்தைக் குறிக்கும் விசர் என்ற சொல் படும் பாடு தெரியுந்தானே. விடாமல் பெய்தால் விசர் மழை, பிந்தி வந்தால் விசர் பஸ், செல்லங் கொஞ்சவும் ‘போடா விசரா’. முந்திய கிழமையும் அவர் இதையேதான் சொன்னார். “அது உனக்குப் பிறந்ததிலயிருந்து இருக்குத்தானே” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் இன்றும் என்னைக் குத்துகிறது.

இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாடு எப்படி, நித்திரை எப்படி என்று விசாரித்தேன். பெருநாள் கழிந்ததிலிருந்து கண் மூடவில்லையாம். வீட்டில் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்களாம். குடித்தால் மனதுக்கு ஆறுதல், நித்திரைதான் வரவில்லை.

“எஞ்சின் ஓடக்குள்ள என்ட பேரச் சொல்லிக் கூப்பிடுது. நடுக்கடல்ல எறங்கி வா எண்டுது.”

இன்றைக்கு லோஞ்ச் பிந்தினால் பிந்தட்டும், பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

“போனா விசரன் எண்டு பேர் வெச்சிருவாங்க.”

“எஞ்சின்ட சத்தம் மாறினா நீ என்ன செய்வாய்?”

“நிப்பாட்டிப் பாப்பன். இல்லாட்டி ஒரு தட்டுத் தட்டுவன்.”

“டாக்குத்தர் தட்டமாட்டார், வா.”

டாக்குத்தர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, பொறுமையாகக் கேட்டார். இதுவும் காய்ச்சலைப் போல ஒரு வருத்தம், மருந்து இருக்கிறது என்றார். நித்திரையும் சாப்பாடும் கிழமைக் கணக்கில் குழம்பினாலே ஆஸ்பத்திரிக்கு வரலாம், குரல் கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலை குனிந்துகொண்டேன். மாதக்கணக்கில் மருந்து எடுத்தார். பிறகு அதே லோஞ்சுக்கு வந்தார்.

இப்போதெல்லாம் யாராவது ‘விசர் பிடிக்குது’ என்றால், சிரிக்கமுதல் அவர்களுடைய முகத்தை ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன். அன்று நான் ‘வா’ என்றதும் அவர் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்து, தன் ஸ்பனரை என் கையில் வைத்துவிட்டு, என் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.