தண்டவாளத்தில் நின்ற பசு

என் இருபதாவது வயதில் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் நான் கல்மதில் கட்டினேன். ஒவ்வொரு கல்லும் பயற்றம்பருப்பளவு இருக்கும். மதிலின் உயரம் என் சுண்டுவிரலில் பாதி. எங்கள் ஊர் வாவிக்கரை மணல். கிடுகு வேலியும் அலம்பல் வேலியும் அன்றி வேறு அடைப்பை நான் கண்டதில்லை. காணாத ஒன்றைக் கட்டும்படி என்னைப் பணித்தவர் என் தாய்மாமன்.

அவர் மலைநாட்டு ரயில்பாதையில் கோச்சி எஞ்சின் ஓட்டியவர். எஞ்சினிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தபின் வேலையை விட்டார். மனைவியையும் இழந்து, தம் தங்கையான என் அம்மாவின் வீட்டுக்கு ஊன்றுகோலோடும் ஒரு மரப்பெட்டியோடும் வந்து சேர்ந்தார். பெட்டிக்குள் சாவி கொடுத்தால் ஓடும் சிறிய எஞ்சின் ஒன்றும் நான்கு வண்டிகளும் வளைந்த தண்டவாளத் துண்டுகளும் இருந்தன. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவர், தம் பிள்ளைகள் விளையாடியதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். நடு அறையில் பலகைகளை அடுக்கி மேசை அமைத்து, தாம் எஞ்சின் ஓட்டிய மலைச்சாரலை அதன்மேல் எழுப்பத் தொடங்கினார் மாமா. அவருக்குக் குனிய ஏலாது. ஆதலால் எழுப்பும் வேலை என் கைகளுக்கு வந்தது.

அப்பா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆசிரியப் பயிற்சிக்கான விண்ணப்பத்தை நான் நிரப்பி வைத்திருந்தேன். பாதுகாவலர் என்ற இடத்தில் மாமாவின் கையொப்பம் ஒன்றுதான் குறை. அதை நீட்டியபோது அவர் வாசித்தார், நான்காக மடித்தார், எஞ்சின் சாவி கிடக்கும் தகரப் பேணிக்குள் வைத்தார்.

“முதல்ல ஸ்டேசனுக்குப் பின்னால உள்ள மதில முடி மகள். மறுகா பாப்பம்.”

முடித்தேன். பிறகு பாலத்தடி மதில் வந்தது. அதன்பின் தேயிலைச் சரிவைத் தாங்கும் படிமதில்கள் ஏழு.

பழைய கூரையோட்டை அம்மாவின் பாக்குவெட்டியால் நறுக்குவேன். “என்ட பாக்குவெட்டி மொட்டையாப் போச்சு. இனி வெத்திலைக்கு உங்கட கோச்சியையா கடிக்கிற, அண்ணன்?” என்று அம்மா கேட்பார். மாமா சிரிக்கமாட்டார். “பெரிய கல்லு கீழ, சின்னது மேல. ரெண்டு கல்லு சேர்ற இடத்துக்கு மேல மூணாவது கல்லு குந்த வேணும். சாந்து வெளிய தெரியப்படாது” என்பார். விளாம்பிசினைத் தொட்டு ஒட்டிய கல்லை, பிசின் பிடிக்கும்வரை விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். எவ்வளவு நேரம் என்பதை நான் பாட்டால் அளந்தேன். பதிகத்தின் ஒரு பாடலை அதன் பண்ணோடு பாடி முடித்தால் ஒரு கல் நிற்கும். பதினொரு பாடலுக்குப் பதினொரு கல். சிறுவயது முதல் மனப்பாடம் செய்த பதிகங்களெல்லாம் அந்த மேசையின்மேல் அவ்வாறு செலவாயின. இறுதியில் கரிப்பொடியும் தேயிலைச் சாயமும் பூசினால் நூறு மழை நனைந்த மதிலாக அது மாறிவிடும். பார்க்க வந்தவர்கள் வியந்தார்கள். வியப்பு ஒவ்வொன்றும் எனக்கு மேலும் ஒரு மதிலாயிற்று.

யன்னலுக்கு வெளியே வாவி தெரியும். வயல்வட்டைக்குப் போகிறவர்கள் காலையில் தோணியேறி அக்கரை போவார்கள், மாலையில் திரும்புவார்கள். நான் விரலை எடுக்க முடியாமல் பாடிக்கொண்டிருப்பேன். கட்டறுக்கும்படி இறைவனை வேண்டும் பாடல்கள்தாம் பெரும்பாலும். ஓசை பிசகாமல் பாடினேன். பொருள் நெஞ்சைச் சுட்டதென்று சொன்னால் அது பொய். அடுத்த கல்லுக்கு எந்த ஓட்டுத்துண்டு பொருந்தும் என்பதே என் எண்ணமாயிருந்தது.

பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்கியது. வெள்ளிக்கிழமைத் தபாலில் சேர்த்தால்தான் போய்ச்சேரும் என்ற நிலை வந்தபோது மாமா ஒரு வாக்குக் கொடுத்தார். பாற்பண்ணை ஒன்றே மிச்சம், அது முடிந்தால் கையொப்பம் உறுதி. வயற்களியைக் கம்பிமேல் அப்பி ஆறு பசுக்களைச் செய்தேன். மாமா ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பினார்.

“இது ஆர்ட மாடு? குறியும் சுட்டு வெச்சிருக்காய்!”

எங்கள் குடியின் மாட்டுக்குறியை என் கை தன்போக்கில் அதன் தொடையில் கீறியிருந்தது. திமிலும் வைத்திருந்தேன்.

“துரைமாருட மாட்டுக்குத் திமில் இல்ல, மகள். முதுகு பலகை மாதிரிப் போகும்.”

திமில்களைத் தேய்த்தேன். குறிகளை மெழுகினேன். புல்வெளியைச் சுற்றி மதிலைக் கட்டி, பசுக்களை உள்ளே நிறுத்தி முடித்தபோது செவ்வாய்க்கிழமை. அன்று மீன் கொண்டுவந்த கிழவி கூடையை இறக்கிவிட்டு மேசையை எட்டிப் பார்த்தாள்.

“வடிவாத்தான் கிடக்கு. ஆனா ஏன் கா, இந்த மாடெல்லாம் பறந்தா உள்ளுக்குப் போன?”

மாடு போய்வரக் கடப்பு வைக்க நான் மறந்திருந்தேன். நாற்புறமும் மதில். எங்கள் ஊர்ச் சிறுபிள்ளையும் மாடு கட்டும் காலையை அடைக்கும்போது முதலில் கடப்புக்கு இடம்விட்டே கம்பு நடும். அந்த அளவுகூட என் அறிவு அன்று வேலை செய்யவில்லை. மாமா கண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு, “உடைச்சுப்போட்டு முன்பக்கத்தத் திரும்பக் கட்டு. ரெண்டு கிழமையில முடியும்” என்றார்.

“வெள்ளிக்கிழமை தபால், மாமா.”

“அடுத்த வருசமும் தபால் இருக்கும்.”

நான் எதிர்த்துப் பேசிப் பழகியவள் அல்லேன். பாக்குவெட்டியின் முனையால் நெம்பினேன். விளாம்பிசின் விடவில்லை. ஒரு சாண் மதில் நொறுங்கிக் கையோடு வந்தது. அந்த இடைவெளியில் இரண்டு ஈர்க்குகளைக் கடப்புத் தடிகளாகக் குறுக்கே வைத்தேன். பிறகு அவற்றையும் உருவி எடுத்தேன். ஒரு பசுவைத் தூக்கி வெளியே கொண்டுவந்து, மாமாவின் நாற்காலிக்கு முன்னால், அவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்டவாளத்தின்மேல் நிறுத்தினேன்.

மாமாவுக்கு ஒரு பெருமை உண்டு. எஞ்சின் ஓட்டிய காலமெல்லாம் ஒரு வாயில்லாச் சீவனையும் அவர் அடித்ததில்லை. சுரங்க வாசலில் படுத்திருந்த பசு தானாக எழும்வரை கோச்சியை நிறுத்தி வைத்து மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கிய கதையை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை வழக்கம்போல் எஞ்சினுக்குச் சாவி கொடுத்தார். கையை எடுக்கப் போனவர் நிறுத்தினார்.

“லைன்ல மாடு நிக்கிது. எடு.”

“கையெழுத்து வெச்சுத் தாங்க. எடுக்கிறன்.”

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். “என்ன புள்ள கதைக்கிறாய் மாமாவோட?” என்றார். மாமா அவரைக் கையமர்த்தினார். கையை நீட்டினால் பசு வந்துவிடும். அவர் நீட்டவில்லை. புதன்கிழமை முழுவதும் எஞ்சின் ஓடவில்லை. அவர் சாப்பிட்டார், செய்தித்தாள் வாசித்தார், பசுவைப் பார்த்தார். நானும் மதிலைத் தொடவில்லை. பாடவுமில்லை. பலமுறை எழுந்து பசுவை எடுத்துவிடப் போய்த் திரும்பினேன்.

வியாழன் பின்னேரம் மாமா தகரப் பேணியைத் திறந்தார்.

“பேனையக் கொண்டா.”

கையொப்பமிட்டு, மை காயும்வரை தாளை ஊதிக்கொண்டிருந்தார். நான் பசுவை எடுக்கக் கை நீட்டினேன்.

“விடு, நிக்கட்டும். அத எடுத்தா நான் ஓட்ட வேணும். நீ போனாப் பொறகு ஆருக்கு ஓட்டிக் காட்டுற?”

மறுநாட்காலை களுவாஞ்சிக்குடித் தபால் கந்தோருக்கு நானே நடந்து போனேன். விண்ணப்பம் உறைக்குள் இருந்தது. மாமாவின் கேள்வி என்னோடு நடந்து வந்தது. இவ்வளவு மதிலும் எதற்காக என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பயிற்சிக்கு இடம் கிடைத்தது. விடுதியில் பதிகம் பாடும்போதெல்லாம் என் கட்டைவிரல் பாயைத் தானாக அழுத்திக்கொண்டிருக்கும். பாடல் முடியும்வரை அதை எடுக்க எனக்கு வராது.

முதல் விடுமுறைக்கு வந்தபோது பசு வைத்த இடத்திலேயே நின்றது. அதன் பலகை முதுகில் தூசு படிந்திருந்தது. “ஆரையும் தொட விடல்ல” என்றார் அம்மா. நான் அதைத் துடைத்துக் கடப்பு வழியாக உள்ளே நிறுத்தினேன். மாமா கேட்டார்:

“லைன் கிளியரா?”

“ஓம் மாமா.”

விடுமுறை முடியும்வரை மாலைதோறும் எஞ்சின் ஓடியது. புறப்படும் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடைபெற நின்றேன். அவர் செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

“போகக்குள்ள மாட்ட லைன்ல வெச்சிட்டுப் போ” என்றார்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவ்வாறே செய்தேன்.