வேட்டியில் ஒட்டாத சிவப்பு

அம்மா இருந்தாள். அப்பா இருந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா இருந்தார். கல்யாண மாப்பிள்ளை அவர்தான். நான் இருந்தேன், ஒன்பது வயது. தூளியில் தம்பி இருந்தான், அவனைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்து லயத்தில் எங்கள் வீடு. வைகாசியில் போடியில் மாமாவுக்குக் கல்யாணம். பொண்ணு வீட்டார் டவுன்காரர்கள். மாமாவின் கூட்டாளிகள் வாழ்த்து மடல் அடிக்கப் பிரஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள். ரோஸ் தாளில் ஒரு பாட்டு, கீழே அவர்கள் பேர். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. மூன்று வயதிலிருந்து மாமாவை வளர்த்தவள் அவள்.

"வளத்தவ நானு. வாழ்த்துறது அவனுகளா?" என்றாள்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மரம் செதுக்கத் தெரியும். ஏலக்காய் மூட்டையில் குத்துகிற தோட்டத்து முத்திரையைப் பலாக்கட்டையில் செதுக்கிக் கொடுப்பது அவள்தான். கவாத்துக் கத்தியும் ஓர் ஆணியும் இருந்தால் போதும். அதே மாதிரி படம் படமாகச் செதுக்கினாள். மரக்கிளையில் தூளி. மழைக்குச் சாக்கைத் தலையில் போட்ட பிள்ளை. ஜீப்புக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போகிற பையன். கடைசியில் மாலையோடு மாப்பிள்ளை. மாமா வளர்ந்த கதை அவ்வளவும் அதில் இருந்தது. கட்டையில் மை ஒற்றி, தாளில் அழுத்தி, மடித்து, சாக்கு தைக்கிற நூலால் தைத்தால் புத்தகம்.

மைதான் பாடாய்ப் படுத்தியது.

மூட்டைக்குக் குத்துகிற கறுப்பு டின் நிறைய இருந்தது. அப்பா ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "கருமாதிக் கடுதாசின்னு பொண்ணு வீட்டுல கையிலயே வாங்க மாட்டாக" என்றார். சரிதான். சிவப்பு வேண்டும் என்று ஆனது.

முதலில் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தாள். பளிச்சென்று விழுந்தது. அம்மா தாளை எடுத்துப் போய், கொடியில் கிடந்த அப்பாவின் புது வேட்டியில் ஒரு தேய் தேய்த்தாள். கல்யாணத்துக்கென்று எடுத்த வேட்டி. சிவப்பாக இழுவியது.

"அடியேய், அது என் வேட்டி!"

"தெரிஞ்சுதான் தேச்சேன். வர்றவுக பூரா வெள்ளை வேட்டி. ஒருத்தர் வேட்டியில ஒட்டுனாப் போதும், கீழ போட்டுருவாக. பெறகு மிதிபடும்."

அடுத்து மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தாள். ஆரத்திக்கு ஆலம் கரைக்கிற சிவப்பு. ராத்திரி எல்லோருக்கும் பிடித்திருந்தது. விடிந்து பார்த்தால் அத்தனையும் வெளிறி மஞ்சளாகிக் கிடந்தது.

"என்னக்கா, மாப்பிள்ளைக்கு மஞ்சக் காமாலை வந்துருச்சு?" என்றார் மாமா. அம்மா சிரிக்கவில்லை.

லோடு ஏற்ற வந்த ஜீப்பின் பின்பலகை சிவப்பு. எத்தனை மழைக்கும் அந்தச் சிவப்பு போகவில்லை. அம்மா டிரைவரிடம் கேட்டாள். "காவிப்பொடியும் ஆளிவிதை எண்ணெயும்க்கா. நானே அடிச்சது. காய விடணும். அவசரப்பட்டா கையோட வந்துரும்" என்றார் அவர்.

மாமா போடிக்குப் போய் இரண்டையும் வாங்கி வந்தார். அம்மா காவியை அம்மியில் அரை அரையென்று அரைத்தாள். அதன் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டுச் சட்டினி எல்லாம் சிவப்புத்தான். படம் நன்றாக விழுந்தது. ஆனால் மலை மூடாக்கில் காயவில்லை. நாலைந்து நாளாகியும் விரலில் பிசுபிசுத்தது. கல்யாணம் நெருங்கிவிட்டது.

அப்பாவுக்கு ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் தீப்போடுகிற வேலை. காய் முடிந்து ஸ்டோர் காலியாகக் கிடந்தது. சாவியை எடுத்தார். காய் பரப்புகிற தட்டுகளில் தாள்களைப் பரப்பி, அடுப்பில் விறகை வைத்தார். புகையைப் பார்த்துக் கங்காணி ஏறி வந்தார்.

"காயே இல்லாத ஸ்டோருல என்னய்யா பொகை?"

"எலி வெரட்டுறேன்."

கங்காணி உள்ளே எட்டிப் பார்த்தார். தட்டுத் தட்டாக மாப்பிள்ளை.

"எலி மாலையெல்லாம் போட்டுருக்கு போல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

காய்ந்த தாளை அம்மா அப்பாவின் வேட்டியில் மறுபடியும் தேய்த்தாள். இந்தத் தடவை அப்பாவே வேட்டியைப் பிடித்துக் கொடுத்தார். ஒட்டவில்லை. திருப்பித் தேய்த்தாள். ஒட்டவில்லை. பழைய கறையை உள்பக்கம் சொருகிக் கட்டிக்கொண்டு அப்பா கல்யாணத்துக்கு வந்தார்.

மண்டபத்தில் குடும்பத்துக்கு ஒன்று என்று அம்மா கொடுத்தாள். கூட்டாளிகள் ரோஸ் தாளை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பொண்ணுக்கு அப்பா, ஜீப்பில் தொங்குகிற படத்தைக் காட்டி, "மாப்ளே, இது நீங்களா?" என்று கேட்டுவிட்டார். மணவறையில் மாமாவுக்கு வெட்கம். தாலி கட்டுகிறபோது எல்லோரும் மணவறையைப் பார்த்தார்கள். அம்மா சனங்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா மேல் கோபம் என்று நான் நினைத்தேன்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டாள். "வெரசாப் போயி மண்டபம் பூராப் பாரு. நம்ம புஸ்தகம் கெடந்தா மிதிபடாமப் பொறுக்கிட்டு வா."

தேடினேன். ரோஸ் தாள்தான் எங்கும் கிடந்தது. சிலது விசிறியாகி மடங்கி, சிலது வெற்றிலைக் காம்போடு சுருண்டு, கை கழுவுகிற இடத்தில் நனைந்து. வெறுங்கையோடு போனால் திட்டுவாளே என்று அதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போனேன்.

"நம்மளது எங்க?"

"காணோம்மா."

"நல்லாப் பாத்தியாடி?"

"பந்திப்பாய்க்கு அடியிலயும் பாத்தேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேறு பக்கம் பார்த்து மீசையைத் தடவினார். "இன்னொருக்கப் போயிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள் அம்மா. தேடத் தெரியாததற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் போனேன். திரும்பி வந்து சொன்னேன்.

ரோஸ் தாள் நாற்பத்திரண்டு. எங்கள் புத்தகம் சைபர்.