மல்லிகா டீச்சரின் பாதி பளபள வண்டி

பழைய மோட்டார் சைக்கிளைப் பழுது பார்ப்பவனுக்குக் கையில் எப்போதும் கிரீஸ், காதில் எப்போதும் வசவு. ரோட்டோரம் வண்டியை உதைத்து உதைத்து வியர்த்தவர் நீங்கள் என்றால் நான் சொல்வது உடனே புரியும். எண்பதுகளில் செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். அங்கே வந்த ஒரு வண்டி இன்னும் என்னை விடவில்லை.

மாட்டு வண்டியில் வந்த மோட்டார் வண்டி

சிங்கவரத்திலிருந்து மல்லிகா டீச்சர் அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரன் காலத்து மிலிட்டரி வண்டி. அவர் அப்பா ஏலத்தில் எடுத்து, சாகும்வரை ஓட்டியது. அப்புறம் பல வருஷம் வைக்கோலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. ஹெட்லைட்டைக் கழற்றினால் உள்ளே எலி குடித்தனம்.

விற்கத்தான் கொண்டுவந்தார் என்று நினைத்தேன். இல்லையாம். அவருக்கு வல்லத்தில் வேலை; பஸ் தினமும் லேட். இன்னொரு தடவை தாமதமானால் மேலிடத்துக்கு எழுதிவிடுவேன் என்று ஹெட்மாஸ்டர் மெமோ கொடுத்திருந்தார். "சரிம்மா, ஓட்டப் போறது யாரு?" என்றேன். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "நான்தாண்ணா. எங்க நைனா பிரேக் வரைக்கும் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனாரு."

உப்புத்தாள்

டேங்கில் பச்சை பெயின்ட் வெளுத்துக் கிடந்தது. முட்டி உரசும் இடத்தில் இரும்பு தெரிந்தது. வலது பக்கம் ஒரு பெரிய பள்ளம். யாரும் கேட்காமலே நான் உப்புத்தாளை எடுத்தேன். ஒரு காலை முழுக்கத் தேய்த்ததில் இடது பக்கம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

டீச்சர் வந்தார். அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "நைனா முட்டி பட்டுத் தேஞ்ச எடம் எங்கண்ணா?" உப்புத்தாளைக் கீழே போட்டேன். பச்சை அடித்துத் தருகிறேன் என்றதற்கும் தலையாட்டி மறுத்தார். "போனது போச்சு. இன்னொரு பக்கம் கை வைக்காதீங்க."

பக்கத்துக் கடையில் டிங்கர் வேலை செய்யும் பாஷா பாய்தான் பேச்சை மாற்றினார். "அந்தப் பள்ளத்தையாவது எடுத்துடலாமா டீச்சரம்மா? அப்பா எங்கனா வுழுந்தாரா?" டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரு வுழல பாய். மண்டகப்பட்டு குகைக் கோயிலப் பாக்க என்னை வுட்டுட்டுப் போயிட்டாருன்னு சின்ன வயசுல நான் ஒலக்கையால போட்டது. அது இருக்கட்டும்."

உதை

கார்புரேட்டரைக் கழுவினேன், வயரெல்லாம் மாற்றினேன். கிடைக்காத ஒரு பாகத்தை பாஷா பாய் இரும்புத் தகட்டில் அராவிக் கொடுத்தார். டீச்சர் முன்னால் கெத்தாகக் கிக்கரை மிதித்தேன். அது திருப்பி உதைத்ததில் டயர் குவியலுக்குள் போய் விழுந்தேன்.

டீச்சர் செருப்பைக் கழற்றினார். கிக்கரை மெதுவாக அழுத்திப் பார்த்து, அது இறுகி நின்ற இடத்தில் ஒரே மிதி. வண்டி டக்டக்கென்று எழுந்துவிட்டது. புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாஷா பாய் என்னைத் தூக்கிவிட்டார். "உனக்கு ரிப்பேர் தெரியும் தம்பி. வண்டி அந்தம்மாவுக்குத்தான் தெரியுது."

வல்லம் வரைக்கும்

திங்கட்கிழமை டீச்சர் கிளம்பினார். பிரேக் பிடிக்காமல் விழுந்தால் என்ன ஆவது? நொண்டும் காலோடு என் வண்டியில் பாஷா பாயை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். பஜாரே திரும்பிப் பார்த்தது. வழியில் டீச்சர் தினமும் போகும் பஸ் மாட்டு மந்தைக்கு நடுவே நின்றிருந்தது. டீச்சர் ஓரமாக வளைத்துப் போய்விட்டார். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் மணிகூட அடிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் பள்ளம், இரண்டையும் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மெமோவ வுடுங்க டீச்சர். சாயந்தரம் என்னையும் செஞ்சி பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுட்ருவீங்களா?"

இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் வேலை யாருடையது என்று விசாரித்து என்னிடம் வந்தார்கள். என் தொழிலில், டீச்சர் வேலையைப் பாதியில் நிறுத்தச் சொன்னதாலேயே எனக்கு நல்ல பேர் வாங்கித் தந்த வண்டி அது ஒன்றுதான்.