சன்னம் ஒரு சுவர், மோட்டா ஒரு சுவர்

எனக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும். குடவாசல் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பொருள்களை வகை பிரிப்பது எப்படி என்று வருடாவருடம் தொண்டை வறளக் கத்துகிறவள். வீட்டு விதைநெல் அறையைப் பார்த்தால் எரிச்சல் வராதா? மெலிந்த சன்ன நெல்லும் பருத்த மோட்டா நெல்லும் கண்டபடி கிடந்தன. ஒரு மூட்டையிலாவது எழுத்து வேண்டுமே! ஊகூம்.

அடுக்கியது என் கணவர். அதில் சன்னமான ஒரு சம்பா ரகம் அவருக்கு உயிர். எந்த விதை டிப்போவிலும் கிடைக்காது. ஆறு வருடமாக வயலில் இறங்கி, ஊடே முளைத்த வேற்று ரகக் கலவன் பயிரைப் பிடுங்கிப் போட்டுக் காப்பாற்றிய விதை.

ஒரு சனிக்கிழமை அவர் திருவாரூர் போயிருந்தபோது, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். மூட்டைக்கு ஒரு பிடி எடுத்துப் பார்த்து, சன்னத்தை ஒரு சுவரோரமும் மோட்டாவை இன்னொரு சுவரோரமும் அடுக்கினேன். வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்றிருந்தேன். மனிதர் காய்ச்சலோடு வந்து படுத்துவிட்டார்.

நாற்றங்கால் தயாராக இருந்தது. படுத்தபடியே, "அந்தச் சன்னத்த ஊறப் போட்டுடு" என்றார். சன்னச் சுவரில் இருந்த மூன்று மூட்டையையும் ஊறப் போட்டேன்.

நட்டு ஐம்பது நாள்கூட ஆகவில்லை, கொட்டுகிற கார்த்திகை மழையில் வயலெங்கும் கதிர் எட்டிப் பார்த்தது. சம்பா அதற்குள் கதிர் விடாது. அவர் குனிந்து ஒரு குத்தைப் பிரித்தார். ஒரு பயிரில் கதிர். அதை ஒட்டி நின்ற பயிர் வெறும் பச்சை.

"குறுவை விதையையும் சேத்தா போட்ட?"

"ரெண்டும் சன்னம்தானேங்க."

"நாளு வேறம்மா. அது நூத்தஞ்சு நாளு, இது நூத்தம்பது. நான் நாளு பாத்துல்ல பிரிச்சு வெச்சிருந்தேன்."

அறை ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. உலை வைக்கிறவளுக்கு அரிசியின் உருவம் போதும். பயிர் வைக்கிறவருக்கு நாள் கணக்கு. இவ்வளவு வருடம் வகுப்பெடுத்தும், எதற்காகப் பிரிக்கிறோம் என்று முதலில் கேட்கத் தோன்றவில்லையே, சே!

கதிர் வந்ததை மட்டும் பிடுங்கிப் பார்த்தோம். நடும்போதே குத்துக்கு இரண்டு மூன்று நாற்று சேர்ந்துவிட்டிருந்தது. ஒன்றை இழுத்தால் வேர் பின்னி மற்றதும் கூடவே வந்தது. சேற்றில் நின்று அழுதேன். நாலு வரப்பு வரை பிடுங்கிப் பார்த்துவிட்டு அவர் வாய்க்காலில் கை கழுவினார்.

"வுடு. இது இனிமே சாப்பாட்டு நெல்லு."

"விதைக்கு?"

"வேற ரகம் வாங்கிக்கலாம்."

திட்டியிருந்தால் தேவலை. அறுத்ததையெல்லாம் அரைத்து, அந்த வருடம் முழுக்க அதைத்தான் பொங்கினேன். சோறு ருசியாக இருக்கிறதென்று அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.